விளக்கு வைப்பதற்குள் பால்

“காலம் கெட்டுப்போச்சு அம்மிணி” என்று நஞ்சப்பன் வாயைத் திறந்த அடுத்த நொடி அவர் கையில் பிரஷ் இருந்தது. இன்னொரு கையில் ஒரு காலி கேன். கொடுத்த கமலாத்தாள் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை; அடுத்தவர் பாலை வாங்கி வடிகட்டத் தொடங்கியிருந்தார். நஞ்சப்பன் பிரஷ்ஷைப் பார்த்தார், கேனைப் பார்த்தார், வரிசையில் நின்றவர்கள் சிரிப்பை விழுங்குவதையும் பார்த்தார். அறுபது வயது மனிதர், பஞ்சாயத்தில் மெம்பராக இருந்தவர் வேறு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடிக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

ஆலாம்பதி பால் சொசைட்டியில் இது எழுதப்படாத சட்டம். பால் இறங்கி முடிகிற வரைக்கும் யாரும் புலம்பக் கூடாது. தீவன விலை, கிணற்றுத் தண்ணீர், மருமகள், மந்திரி என்று எதில் ஆரம்பித்தாலும் ஒரு கேன் கழுவியாக வேண்டும். கொஞ்சம் பெரிய புலம்பலாக இருந்தால் இரண்டு.

“பேச வேண்டாங்கலீங்க. பாலு நின்னாக் கெட்டுப்போயிரும், பேச்சு நின்னாக் கெடாதுங்களே” என்பார் கமலாத்தாள். சொல்லிக்கொண்டே கையிலிருக்கிற கேனின் மூடியை மூக்கருகே கொண்டுபோய் ஒரு மூச்சு இழுப்பார். மாடு நேற்று என்ன தின்றது என்பது அந்த ஒரு மூச்சில் தெரிந்துவிடும். “ஏனுங்க, வேப்பம்புண்ணாக்கு வெச்சீங்களா?” என்று கேட்டால் கேட்டதுதான், இல்லை என்று சாதித்து வென்றவர் இதுவரை ஒருவரும் இல்லை.

ஐம்பத்து மூன்று வயது. ஒடிசலான உயரமான உடம்பு. சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் இப்போது புதிதாகக் கொடுத்திருக்கிற நீலக் கோட்டு, தலையில் வலைத் தொப்பி. கைப்பேசியைக் காலி பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி வைத்திருப்பார். அது அடித்தால் டப்பா முழுக்க அதிரும். இடுப்பில் செருகினால் பாலில் விழுந்துவிடும் என்று பயம். ஒரு முறை விழுந்திருக்கிறது. அந்தக் கேன் பாலின் கதையை அவரிடம் கேட்கக் கூடாது.

இருபத்தாறு வருஷத்துக்கு முன் கூட்டிப் பெருக்க வந்தவர். பிறகு கேன் கழுவினார், பிறகு பால் வாங்கினார், பிறகு பாலைப் பரிசோதிக்கக் கற்றுக்கொண்டார். மலையாள மண்ணில் தமிழ் பேசுகிற பெருமாட்டிப் பஞ்சாயத்தின் கிழக்கோரத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே நிற்கிற இரண்டு அறைக் கட்டிடம்தான் சொசைட்டி. அதில் அவர் கை படாத செங்கல் இல்லை. நாற்பத்தொரு வீடு அங்கே பால் ஊற்றுகிறது. அந்த வீடுகளின் மாடுகள் எல்லாவற்றையும் பெயர் சொல்லி அவருக்குத் தெரியும். மாட்டுக்குச் சொந்தக்காரர்கள் பெயரில்தான் எப்போதாவது தடுமாறுவார்.

வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. தினமும் விடியற்காலை, முதல் கேன் வருவதற்கு முன்னால், கமலாத்தாள் அதில் ஒரு நல்ல சேதி எழுதுவார். ‘ஜானகியம்மாள் வீட்டுச் செவலை கிடேரிக் கன்று ஈன்றது.’ ‘நஞ்சப்பன் அண்ணன் போர்வெல்லில் தண்ணீர்.’ சேதியே கிடைக்காத நாளில், ‘இன்று ஒருவர் பாலும் திரியவில்லை.’ எழுத்து கொஞ்சம் கோணல்தான். ஆனால் பால் ஊற்ற வருகிறவர்கள் அதைப் படிக்காமல் உள்ளே போனதில்லை.

போன ஐப்பசியில் அந்தப் பலகை போயிற்று. பலகை மட்டுமா போயிற்று? ஆலாம்பதி சொசைட்டி நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற மேட்டுப்பதி சொசைட்டியோடு இணைக்கப்பட்டது. ‘லயனம்’ என்று மலையாளத்தில் உத்தரவு வந்தது. இணைப்பு என்று சொன்னால் இரண்டு பேர் சேர்ந்து நடப்பது போல் ஒரு எண்ணம் வருகிறது. நடந்தது என்னவென்றால், ஒரு டெம்போ வந்தது. பீரோ, பெஞ்சு, சுவர்க்கடிகாரம், மின்விசிறி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பதிக்குப் போயிற்று. செக்ரட்டரி ஓய்வு வாங்கிக்கொண்டார். வாசலில் இருந்த பெயர்ப்பலகையைச் சுண்ணாம்பால் அழித்து, ‘கிளை’ என்று எழுதினார்கள். கரும்பலகை இருந்த இடத்தில் கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகை வந்தது. அதில் அலுவலக அறிவிப்பு மட்டும்தான் ஒட்டலாம், சாவி மேட்டுப்பதியில்.

டெம்போ போன அன்று பால்காரர்கள் எல்லோரும் வாசலில் துக்க வீடு போல நின்றிருந்தார்கள். கமலாத்தாள் கட்டிடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்: “கெணறு இருக்குதுங்க. தொட்டி இருக்குதுங்க. வேப்பமரத்த ஆரும் டெம்போவுல ஏத்த முடியலீங்க. நாப்பத்தொரு ஊடும் அப்படியே இருக்குது. பொறகென்னுங்க? காத்தாடிதான போச்சு. வாடக்காத்து அடிக்கற ஊருக்குக் காத்தாடி எதுக்குங்க?”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். அவர்கள் போன பிறகு கமலாத்தாள் தீவன மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதார். சத்தம் போடாமல், நன்றாக, சட்டைக் கையெல்லாம் நனைகிற மாதிரி அழுதார். அவருக்குப் பயம். தன் கைக்கு வேறு வேலை தெரியாது என்கிற பயம், நாளை காலை ஐந்தரை மணிக்கு எங்கும் போக வேண்டியிராத ஒரு நாள் வந்துவிடுமோ என்கிற பயம். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து கேன்களை எண்ணி அடுக்கினார்.

புதிய இயந்திரம் வந்தது. பாலைக் கொஞ்சம் உறிஞ்சி, கொழுப்பு எவ்வளவு, மற்ற சத்து எவ்வளவு என்று எண்களில் காட்டும், மொத்தம் எத்தனை லிட்டர் என்றும் கூட்டிக்கொண்டே வரும். தப்பாக எதையாவது அழுத்தினால் கத்தும். முதல் வாரம் அது கத்தாத நேரமே இல்லை. “புது மருமவங்க. மொதல்ல எல்லாத்துக்கும் சத்தம் போடும். நாம சும்மா இருந்தாப் பழகிக்கும்” என்றார். எட்டாவது நாள் அதன் எல்லாப் பொத்தானும் அவருக்கு அத்துப்படி. மேட்டுப்பதியில் டிப்ளமா படித்த பையன் இன்னும் அதோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

ஆனால் நேரம் மாற்றியதுதான் வினையாயிற்று.

முன்பு மாலைப் பாலை மூன்றரை மணிக்கு வாங்குவார்கள். இணைப்புக்குப் பிறகு ஒரே டாங்கர் நாலு ஊரையும் சுற்றி வருவதால், ஆலாம்பதிக்கு அது வந்து சேர ஏழு மணி ஆகும். அதனால் பால் வாங்குவது ஆறு மணிக்கு என்று அறிவித்தார்கள். கண்ணாடிப் பலகையில் ஒட்டி, பூட்டிவிட்டுப் போனார்கள்.

ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்தது, பொழுது குறுகியது. ஆறு மணிக்கெல்லாம் ஊரில் விளக்கு வைத்துவிடுவார்கள். விளக்கு வைத்த பிறகு ஆலாம்பதியில் ஒரு வீட்டிலிருந்தும் பால் வாசலைத் தாண்டாது. அது லட்சுமி. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு என்று கேட்டால்கூட, பாலில் ஒரு துளி மஞ்சளைப் போட்டு, மனசில்லாமல்தான் கொடுப்பார்கள். முந்நூறு லிட்டர் வந்துகொண்டிருந்த மாலைப் பால் இருநூற்றுப் பத்தாயிற்று, நூற்றெழுபதாயிற்று, கடைசியில் நூற்று நாற்பதில் வந்து நின்றது.

மிச்சப் பாலெல்லாம் எங்கே போயிற்று? கன்றுக்குட்டிகள் வாயில் நுரை தள்ளத் தள்ளக் குடித்தன. எல்லா வீட்டிலும் தயிர். ஊர் முழுக்க மோர். ஜானகியம்மாள் வீட்டில் வெண்ணெய் எடுத்து எடுத்து மத்துக் கயிறு அறுந்துபோயிற்று.

கிளைகளைக் கவனிக்க ஒரு சூப்பர்வைசரை நியமித்திருந்தார்கள். ஜோமோள் என்று பெயர், முப்பது வயதுக்குள். தினமும் காலையில் பிஸ்கட் டப்பா அதிரும், ஜோமோள்தான். “எல்லாம் சரியாணோ சேச்சி?” என்பாள். கமலாத்தாள், “நல்லாருக்குதுங்க மேடம்” என்பார். இருபத்திரண்டு நாள் இப்படித்தான் போயிற்று. நூற்று நாற்பது லிட்டர் வந்த நாளிலும் கமலாத்தாளுக்கு வாயில் வந்தது “நல்லாருக்குதுங்க” என்பதுதான். ஊரார் வாயில் பிரஷ்ஷால் போட்ட பூட்டைத் தன் வாயிலும் போட்டுக்கொண்டாரோ என்னவோ. கொஞ்சம் நாள் போனால் சரியாகிவிடும் என்று அவர் நம்பினார் என்பதும் உண்மைதான்.

இருபத்துமூன்றாம் நாள் ஜோமோள் ஸ்கூட்டரில் நேரிலேயே வந்துவிட்டாள். கையில் மேலிடத்துக் கடிதம். மாலைப் பால் பாதியாகக் குறைந்ததற்குக் காரணம், உறுப்பினர்கள் தனியார் வண்டிக்குப் பால் ஊற்றுவதாக இருக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. வீடு வீடாகப் போய் விசாரித்தாள், மலையாளத்தில். அதிகாரி, மலையாளம், கையில் காகிதம். இந்த மூன்றும் சேர்ந்தால் ஆலாம்பதிக்காரர்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். விளக்கு, லட்சுமி என்றெல்லாம் இந்தப் படித்த பெண்ணிடம் எப்படிச் சொல்வது? சிரிக்க மாட்டாளா? முதல் வீட்டுக்காரர் அவசரத்துக்கு, “பசு வற்றிப்போயி மேடம்” என்று சொல்லிவைத்தார். அடுத்த வீடும் அதையே சொன்னது. சொல்லிவைத்தாற்போல் இருபத்தொன்பது வீடு அதையே சொன்னது.

ஜோமோள் எழுதிக்கொண்டு போனாள். மறுநாள் காலை மிருக டாக்டரோடு ஜீப்பில் வந்து இறங்கினாள். ஒரே ஊரில், ஒரே மாதத்தில், இருபத்தொன்பது வீட்டில் கறவை வற்றினால் அது பெரிய நோயாகத்தானே இருக்க வேண்டும்? முதல் வீட்டுத் தொழுவத்தில் மாடு மடி வெடிக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தது. இரண்டாவது வீட்டிலும் அப்படியே. மூன்றாவது வீட்டில் டாக்டருக்கு ஒரு செம்பு மோர் கொடுத்தார்கள். டாக்டர் அதைக் குடித்துவிட்டு, பையை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

ஜோமோள் நேராகச் சொசைட்டிக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது. “என்ன சேச்சி இது? என்னையப் பாத்தா எல்லாருக்கும் கிறுக்கச்சி மாதிரி தெரியுதா?” என்றாள்.

சுத்தமான தமிழ். கேன் கழுவிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஜோமோள் பள்ளிவாசல் என்கிற மலையூரில் பிறந்தவள். தேயிலை எஸ்டேட் லயத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் படித்தவள். மலையாளம் அவளுக்கு வீட்டுப் பேச்சு, தமிழ் விளையாட்டுப் பேச்சு. இது தெரிந்திருந்தால் இருபத்தொன்பது மாடுகளுக்கும் கெட்ட பெயர் வந்திருக்காது.

“நீங்க தினமும் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொன்னீங்க. நானும் நம்பி மேல அப்படியே எழுதுனேன். இப்ப என்னைய எல்லாரும் கேக்காங்க. எனக்கு என்ன பதில் இருக்கு சேச்சி?”

கமலாத்தாளுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. இருபத்தாறு வருஷத்தில் பாலில் தண்ணீர் கலந்த எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறார். தான் சொன்ன ‘நல்லாருக்குது’ம் கிட்டத்தட்ட அதே ரகம்தான் என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது. “என்ற தப்புத்தானுங்க மேடம்” என்று ஒப்புக்கொண்டார். பிறகு, விளக்கு விஷயத்தை ஒன்று விடாமல் சொன்னார்.

ஜோமோள் சிரிக்கவில்லை. “எங்க அம்மச்சியும் சாயங்காலம் உப்புக் குடுக்க மாட்டாங்க” என்று மட்டும் சொன்னாள். ஆனால் டாங்கர் நேரம் நாலு ஊர்க் கணக்கு. அதை மாற்ற அவளால் முடியாது. மேலிடம் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தது. தை பத்தாம் தேதியிலிருந்து பத்து நாள் பார்ப்பார்கள். ஒவ்வொரு நாளும் மாலைப் பால் இருநூறு லிட்டர் வர வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் ஆலாம்பதிக் கிளையை மூடிவிடுவார்கள். நாற்பத்தொரு வீடும் மேட்டுப்பதிக்குப் பாலைச் சுமக்க வேண்டும். அங்கே ஆள் போதுமானபடி இருப்பதால் கமலாத்தாளுக்கு வேலை இல்லை.

அன்று மாலை கமலாத்தாள் ஜானகியம்மாள் வீட்டுக்குப் போனார். நாலு கறவை மாடு வைத்திருக்கிற வீடு. அந்த அம்மாள் சரி என்றால் பாதி ஊர் சரி என்ற மாதிரி. விஷயத்தைக் கேட்டதும் ஜானகியம்மாள் மத்தை நிறுத்திவிட்டார்.

“வெளக்கு வெச்சதுக்கப்பறம் லட்சுமிய வெளிய அனுப்பச் சொல்றியா கமலா? நீயா பேசற?”

“அனுப்ப வேண்டாமுங்க்கா. நான் ஒண்ணு கேக்கறேன், அதச் சொல்லுங்க. வெளக்கு வெக்கறதுக்கு முன்னாடியே கேனு ஊட்ட உட்டு வெளிய போயிருச்சுன்னு வெச்சுக்கங்க. அப்பறமா அளந்தா என்னுங்க?”

“வெளிய போயிருச்சுன்னா போனதுதான. அத அளந்தா என்ன, அளக்காட்டி என்ன?”

“அவ்வளவுதானுங்க்கா” என்று எழுந்துவிட்டார் கமலாத்தாள்.

சொசைட்டி முற்றத்தில் ஒரு பழைய தொட்டி இருந்தது, மாடு தண்ணீர் குடிக்கக் கட்டியது. வெகு நாளாகக் காய்ந்து கிடந்தது. அதைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, கிணற்றுத் தண்ணீரை நிரப்பினார். நாலரைக்குக் கறந்து, ஐந்தேகாலுக்குள் கேனைக் கொண்டுவந்து தொட்டியில் இறக்கிவிட வேண்டும். கழுத்தளவு குளிர்ந்த தண்ணீரில் பால் கெடாமல் நிற்கும். பெண்கள் வீட்டுக்குப் போய் விளக்கு வைத்து, கும்பிட்டுவிட்டு, ஆறு மணிக்கு வந்து அவரவர் பாலைத் தாங்களே ஊற்றிக்கொள்ளலாம். ஜோமோளிடம் முதலில் கேட்டுவிட்டார். ஆறு மணிக்கு முன்னால் இயந்திரத்தைத் தொடாத வரைக்கும் சரி என்றாள்.

முதல் நாளே குழப்பம். எல்லாம் ஒரே மாதிரி கேன். எது யாருடையது என்று தெரியாமல் ஒரே கூச்சல். மறுநாள் ஒவ்வொருவரும் கைப்பிடியில் பழைய சேலைக் கிழிசல் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். சிவப்பு, பச்சை, பூப்போட்டது, ஜரிகை போட்டது என்று மாலை நேரத்தில் அந்தத் தொட்டியைப் பார்த்தால் கல்யாண வீட்டுக் கொடி மாதிரி இருக்கும். கல்யாணச் சேலையைக் கிழித்துக் கட்டினாள் என்று ஒரு வீட்டில் சண்டை நடந்ததும் உண்டு.

கமலாத்தாளிடமும் ஒரு மாற்றம் வந்தது. பிரஷ் சட்டம் அப்படியேதான் இருந்தது, ஆனால் காலையில் கடைசிக் கேன் போனதும் தீவன மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, “இப்பச் சொல்லுங்க, ஆருக்கு என்ன கொறை?” என்று அவரே கேட்க ஆரம்பித்தார். முதல் இரண்டு நாள் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாம் நாளிலிருந்து அரை மணி நேரம் போதவில்லை. கேட்டதையெல்லாம் ஜோமோளுக்கு அப்படியே போனில் சொல்லுவார். “இன்னைக்கு நல்லால்லீங்க மேடம்” என்று அவர் தொடங்கினால், ஜோமோள் பேனாவை எடுத்துவிடுவாள்.

நூற்று நாற்பது நூற்றறுபத்தைந்தாயிற்று. மார்கழி பாதியில் நூற்றெண்பத்தெட்டு. பொங்கல் கழிந்ததும் இருநூற்றுப் பன்னிரண்டு. தை பத்தாம் தேதி எண்ண ஆரம்பித்தார்கள்.

ஏழு நாள் குறைவில்லாமல் போயிற்று. அந்த ஏழாம் நாள் மதியம் நஞ்சப்பன் வீட்டுக் கறுப்பு மாட்டுக்கு மடி வீங்கிவிட்டது. டாக்டர் வந்து ஊசி போட்டார். ஐந்து நாளைக்கு அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது, கீழே கொட்டிவிட வேண்டும் என்றார். கமலாத்தாள்தான் பக்கத்தில் நின்று மாட்டின் கயிற்றைப் பிடித்திருந்தார். நஞ்சப்பனின் இன்னொரு மாடு நிறைசினை. அதனால் அவர் கேன் தொட்டிக்கு வருவது நின்றது. எட்டாம் நாள் இருநூற்று மூன்று, ஒன்பதாம் நாள் இருநூற்றொன்று. ஒவ்வொரு நாளும் கடைசி எண் விழுகிற வரைக்கும் கமலாத்தாளுக்கு உள்ளூரப் பயம்தான். அதை வெளியே காட்டாமல் ஏதாவது ஒரு மாட்டை நலம் விசாரித்துக்கொண்டிருப்பார்.

பத்தாம் நாள் ஜோமோள் நேரில் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். வாடைக்காற்று பனையோலைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. ஊரில் ஒரு வீட்டில் மறுநாள் காதுகுத்து. ஐந்து லிட்டர் பாலை விசேஷத்துக்கு நிறுத்திக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, மூன்று மாதத்துக்கு முன் குறித்த நாள். கடைசிக் கேனை ஊற்றிவிட்டு ஜானகியம்மாள் நகர்ந்தபோது இயந்திரத்தில் நூற்றுத் தொண்ணூற்றாறு என்று நின்றது.

எல்லோரும் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். தொட்டியில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. கமலாத்தாள் அதையும் ஒரு முறை எட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் நஞ்சப்பன் மொபெட்டில் வந்து நின்றார். கால்களுக்கிடையே கேன். இறக்கிக்கொண்டு நேராகக் கமலாத்தாளிடம் வந்தார்.

“ஏழு லிட்டரு இருக்கும் அம்மிணி. ஊத்து.”

“எந்த மாட்டுப் பாலுங்ணா?”

நஞ்சப்பன் வேப்பமரத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மிசினு கண்டுபுடிக்காது. மேட்டுப்பதிப் பையங்கிட்டக் கேட்டுட்டுத்தான் வந்தேன். கொழுப்பும் சத்தும்தான் பாக்குமாம், மருந்தப் பாக்காதாம். ஒரு நாளைக்குத்தான அம்மிணி. நாளைக்கு நீ இல்லீன்னா நான் ஆருகிட்டப் போயிப் பால் ஊத்தறது? எனக்குப் புடிக்கலை, சொல்லிப்போட்டேன்.”

அவர் கண் கலங்கியிருந்தது. திட்டிக்கொண்டே கேன் கழுவுகிற மனிதர். ஊரில் வேறு யாருக்காகவும் இப்படி ஒரு தப்பைச் செய்ய மாட்டார்.

கமலாத்தாள் கேனைக் கையில் வாங்கிக்கொண்டார். கனமாக இருந்தது, ஏழுக்குக் குறையாது. ஊற்றினால் இருநூற்று மூன்று. அவருக்கு ஆசை வந்தது. வரவில்லை என்று எழுதினால் பொய். ஆறடி தள்ளி இயந்திரம், பச்சை விளக்கோடு காத்துக்கொண்டிருந்தது. ஊற்றிவிட்டால் நாளை காலை ஐந்தரைக்கு இந்தக் கதவைத் திறக்கலாம், நாளை மறுநாளும் திறக்கலாம். ஆனால் இந்த ஏழு லிட்டர் டாங்கரில் நாலு ஊர்ப் பாலோடு கலந்து, விடிவதற்குள் பாக்கெட்டில் போய், எங்கோ யாரோ ஒரு தாய் அதைக் காய்ச்சிக் குழந்தைக்கு ஆற்றிக்கொண்டிருப்பாள். அந்தத் தாய்க்குக் கமலாத்தாளைத் தெரியாது. கமலாத்தாளுக்கு அவளைத் தெரியாமல் இருக்க முடியவில்லை.

“இனி ஆரெங்கிலும் உண்டோ சேச்சி, வேற யாராவது பாக்கி?” என்று ஜோமோள் கேட்டாள். எழுந்து நின்றிருந்தாள். அவள் குரலிலும் கொஞ்சம் ஆசை இருந்தது.

“இல்லீங்க மேடம். இது ஊசி போட்ட மாட்டுப் பாலுங்க.”

எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னார். பிறகு கேனைத் தூக்கிக்கொண்டு முற்றத்து ஓரத்துத் தென்னை வரைக்கும் நடந்தார். மூடியைத் திறந்து, அவசரப்படாமல், தூரைச் சுற்றிலும் ஊற்றினார். காய்ந்த பாத்தியில் வெள்ளையாக நுரைத்து நின்ற பால் மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. “அம்மிணீ” என்றார் நஞ்சப்பன். ஜோமோள் பேனாவை எடுத்தாள். நூற்றுத் தொண்ணூற்றாறு என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டாள்.

கமலாத்தாள் கேனைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் வடித்துவிட்டு, மூடியைப் போட்டு, நஞ்சப்பனின் மொபெட்டில் கொண்டுபோய் மாட்டினார்.

“மடி வீக்கம் வத்திச்சுங்களாணா? ஒத்தடம் குடுத்தீங்களா?”

நஞ்சப்பன் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“குடுக்கோணுமுங்க. வெந்நீரு நெம்பச் சூடா வேண்டாம், கை பொறுக்கற சூடு. அழுத்தாதீங்க. இப்பிடிங்க” என்று கமலாத்தாள் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குவித்து, இல்லாத ஒரு மடியைக் கீழிருந்து மெதுவாக ஏந்திக் காட்டினார்.